ஆறாவது வரிசையின் காலி பெஞ்சு

...அந்த அழைப்புப் பட்டியலை மடித்து வையுங்கள். வாசிப்பது அப்புறம். முதலில் என் வீட்டுக் கதை ஒன்று. சின்னதுதான், ஐந்து நிமிடம். பின்னால் பேசுகிறவர்கள் பேச்சை முடித்துவிடுங்கள்... முடிந்ததா? நன்றி.

கதையில் தப்புச் செய்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லி உங்களைத் திடுக்கிட வைக்கும் வித்தை எனக்குப் பிடிக்காது.

என் மகள் ரெஜினாவின் திருமணத்தின்போது என் கணவர் படுக்கையில் இருந்தார். பக்கவாதம். வலக்கை விழுந்துவிட்டது. வாயில் இரண்டு மூன்று சொற்கள்தான் மிச்சம். கோயிலுக்கு எப்படி வருவார்? ஸ்டூடியோ இன்னாசி ஒரு வழி சொன்னார். "நாலு பக்கமும் ஒரே நேரத்துல எடுக்கிற கேமரா இருக்கும்மா. நடுப்பாதை ஓரத்துல வச்சுடறேன். அப்புறம் சார் அந்தப் படம் ஓடுற கண்ணாடியைக் கண்ணுல மாட்டிக்கிட்டுத் தலையைத் திருப்பினாப் போதும். கோயிலுக்குள்ளயே உக்காந்த மாதிரி இருக்கும்."

எடுத்தார். படத்தின் தொடக்கத்தை எனக்குப் போட்டுக் காட்டினார். ஆறாவது வரிசையில் யார்? தங்கம்! என் கணவரின் தங்கை. பதினொரு வருடமாக எனக்கும் அவளுக்கும் பேச்சில்லை. ஏன் தெரியுமா? என் வீட்டுப் பந்தியில், அத்தனை பேர் முன்னால் சொன்னாள்: "அண்ணி கான்வென்ட்ல எல்லாம் படிச்சாங்க... சோறு வடிக்க மட்டும் சொல்லித் தரல போல." சிரிக்கிறீர்கள். அன்றும் எல்லாரும் சிரித்தார்கள்.

"இன்னாசி, இந்த அம்மாளை எடுத்துவிட முடியுமா?"

முடியும் என்றார். கேமரா நிற்கிற ஸ்டாண்டு படத்தில் விழுமாம். அந்த இடத்தைச் சுற்றிக் கம்ப்யூட்டரில் கோடு வரைந்து, மேலே வெறும் தரையின் படத்தைப் போட்டு மூடிவிடுவார்களாம். அதற்கு மாஸ்க் என்று பெயர். அதே மாதிரி தங்கத்தின் மேல் காலி பெஞ்சைப் போட்டு மூடலாம். ஆனால் அவர் தலையைச் சொறிந்தார். "ஆளு அசைவாங்க, எழுவாங்க. அதனால பாதை வரைக்கும் அகலமா மூடணும். அங்க வேற யாரு வந்தாலும் மறைஞ்சுடுவாங்கம்மா. முழுப் படத்தையும் ஒரு தடவை பாத்துட்டுச் செய்யலாமே?"

"நேரமில்லை. நாளை காலை சார் பார்க்க வேண்டும். அந்த மூலைக்கு யார் வரப் போகிறார்கள்? மூடுங்கள்!"

மறுநாள் காலை. கண்ணாடியை அவருக்கு மாட்டினோம். அவர் பார்ப்பது எனக்கும் செல்போன் திரையில் தெரியும். வாசலில் ரெஜினா. அவளைக் கைப்பிடித்து வருகிறவர் என் அண்ணன். என் கணவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நடக்கிறாள்... நடக்கிறாள்... ஆறாவது வரிசை...

ரெஜினா இல்லை.

காலி பெஞ்சு. பாதையில் என் அண்ணன் மட்டும் தனியாக நிற்கிறார். முக்காட்டின் நுனி ஒரு சாண் தரையில் கிடக்கிறது. மணப்பெண்ணைக் காணோம்!

அவர் தலையை இந்தப் பக்கம் திருப்புகிறார், அந்தப் பக்கம் திருப்புகிறார். "எங்க... எங்க..." இடக்கை போர்வையைப் பிறாண்டுகிறது.

இன்னாசிக்குப் போன் போட்டேன். "அம்மா, சொன்னேனே! பொண்ணு அங்க நின்னுச்சும்மா. அவங்க அத்தைகிட்ட முழங்கால் போட்டுச்சு. நீங்க பாக்கலையா?"

நான் எங்கே பார்த்தேன்? முதல் வரிசையில் நின்றேன், முகம் பீடத்தைப் பார்த்து. கோயிலுக்குள் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த ஒழுக்கம். அதை நான் அறுபது வருடம் மீறியதில்லை. என் மகள் நின்றதும் தெரியாது, முழங்காலிட்டதும் தெரியாது.

"மாஸ்க்கை எடுங்கள்."

"ஒரு மணி நேரம் ஆகும்மா."

அந்த ஒரு மணி நேரம்... கட்டிலுக்கும் வாசலுக்கும் எத்தனை நடை நடந்தேனோ! அவரோ என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எங்க?" நான்தான் மறைத்தேன் என்று சொல்வதா?

இன்னாசி வந்தார். மறுபடி போட்டோம். ரெஜினா நடக்கிறாள்... நிற்கிறாள்... முழங்காலிடுகிறாள். "அப்பாவுக்குப் பதிலா நீங்க சிலுவை போடுங்க அத்தை" என்கிறாள். தங்கம் அழுதுகொண்டே அவள் நெற்றியில் சிலுவை வரைகிறாள். இங்கே கட்டிலில் என் கணவரின் இடக்கை எழுந்தது. காற்றில், அதே சிலுவையைப் போட்டது. ஒரு தகப்பனின் ஆசீர்வாதம்! அதைத்தான் நான் காலி பெஞ்சால் மூடி வைத்திருந்தேன்.

அன்றே தங்கத்துக்குப் போன் செய்தேன். பதினொரு வருடத்துக்குப் பிறகு. "நான்தான்" என்றேன். "சோறு வடிச்சுக்கிட்டு இருக்கேன் அண்ணி... சொல்லுங்க" என்றாள். வேண்டுமென்றே சொன்னாளா? கேட்கவில்லை. இருவரும் சிரித்துவிட்டோம். அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாள். அவர் கண் மூடும்வரை அவர் பக்கத்தில் இருந்தாள்.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்?

சேர்ந்து செபிக்கிற நம் அன்பியத்தில் முப்பத்திரண்டு வீடுகள். திருவிழா செபத்துக்கு அழைக்கும் பட்டியலில் முப்பத்தொன்றுதான் இருக்கின்றன. பதினான்காம் வீட்டின் மேல் உங்களில் யாரோ கோடு போட்டிருக்கிறீர்கள். யார் என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் மறைத்தது ஓர் ஆளை என்று நினைக்கிறீர்கள். இல்லை, ஓர் இடத்தை மறைத்தீர்கள். அந்த இடத்துக்கு நாளை யார் வந்து நிற்பார் என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் மகளாக இருக்கலாம். ஆண்டவரே வந்து நிற்கலாம். உங்கள் கண்ணுக்குக் காலி பெஞ்சுதான் தெரியும்.

இப்போது பட்டியலை விரியுங்கள். பேனா யாரிடம் இருக்கிறது? மைக் அருகே கொண்டுவாருங்கள். பதினான்காம் வீட்டுப் பெயரைப் புதிதாக, முழுதாக எழுதுங்கள்... எழுத்து அழகாக இருக்கட்டும். நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.