மாத்திரையோடு ஒரு டம்ளர் பால்

பால் காய்ச்சுவதில் எனக்கு நல்ல கைப்பக்குவம் உண்டு ஐயா. ஆடை படியாமல், நாக்கைச் சுடாமல் பதமாகக் கொடுப்பேன்.

என் மனைவி பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஐம்பதை நெருங்கும்போது அவளுடைய இடது கை நடுங்க ஆரம்பித்தது. பார்க்கின்சன் என்றார் டாக்டர். மாத்திரை வாங்கும்போது ஆஸ்பத்திரி நர்ஸ் என்னிடம் சொன்னாள்: "வெறும் தண்ணியில குடுங்க சார். பால், முட்டையோட சேர்ந்தா மருந்து சரியா வேலை செய்யாது."

அப்படியே கொடுத்தேன். நடுக்கம் அடங்கியது. அவள் மறுபடி காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானோ வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடப்பேன், டிவியைப் போடுவேன், அணைப்பேன். போன் செய்தால், "கிளாஸ்ல இருக்கேங்க, அப்புறம் பேசறேன்" என்பாள். நடுக்கம் அவளுக்கு, இருப்புக் கொள்ளாமல் தவித்தது நான். இதை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்ல?

ஒருநாள் காலையில், "வெறும் வயித்துல மாத்திரை போட்டா புண்ணாகிடும்மா" என்று பாலை நீட்டினேன். பிறகு புரோட்டீன் பவுடரும் கலந்தேன். உடம்பு தேற வேண்டாமா?

அவள் கால்கள் இறுகின. தலைகூட நான்தான் வாரிவிட்டேன். அவளுக்கு மாதவிலக்கு நிற்கும் சமயம் அது. திடீரென்று உடம்பு கொதிக்கும், தூக்கம் வராது. டாக்டர் அதைத்தான் சந்தேகப்பட்டார். "ஹார்மோன் குறையறப்ப சில பெண்களுக்கு இந்தத் தொல்லையும் கூடலாம். மாத்திரையோட பலன் சீக்கிரம் போயிடற மாதிரி இருக்கும்." நான் தலையாட்டினேன். அவர் சொன்னதில் பொய் இல்லையே.

"எல்லாம் இந்த வயசு பண்ற வேலை" என்று அவள் அழுதாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்தச் சில மாதங்கள்தான் வீடு வீடாக இருந்தது.

ஒருநாள் பழைய மாணவி ஒருத்தி அவளை வெளியே கூட்டிப்போக வந்தாள். அன்று பாலைக் கொஞ்சம் கெட்டியாகவே கலந்தேன். வாசற்படியில் என் மனைவியின் கால் நகராமல் நின்றுவிட்டது. விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் வெறும் தண்ணீரில் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டொரு நாளில் வராந்தாவில் விறுவிறுவென்று நடந்தாள்.

"வீட்ல எதோட போடுவீங்க?" என்று கேட்டாள் அதே நர்ஸ்.

"பால்லதான். இவரே கலந்து தருவார்" என்றாள் இவள், பெருமையாக.

நர்ஸ் என்னைப் பார்த்தாள். அப்புறம் என் மனைவியும் பார்த்தாள்.

ஆமாம், தெரிந்தேதான் கொடுத்தேன். இப்போது அவள் தன் தங்கை வீட்டில் இருக்கிறாளாம். கட்டுப் பிரித்ததும் காரை எடுத்துவிட்டாளாம். ஒரே ஒரு உதவி ஐயா. வெறும் தண்ணீரில் மாத்திரை வேண்டாம் என்று யாராவது அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவள் வயிறு தாங்காது.