திங்கக்கிழமை பிராக்டிகல்

மதுமதி: முப்பத்தொம்பது மணி நேரம் இருக்கு, சௌந்தர்யா. திங்கக்கிழமை காலைல ஒம்பது மணிக்கு கெமிஸ்ட்ரி பிராக்டிகல். உன் தம்பி எங்க?

சௌந்தர்யா: அதான் போன்லயே சொன்னனுங்களே மிஸ்... ஆந்திராவுல இருக்கறான். ரிக்கு வண்டியில.

மதுமதி: போன்ல சொன்ன. இப்ப என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு.

சௌந்தர்யா: ...மொதல்ல தண்ணி குடிங்க மிஸ்.

மதுமதி: தண்ணி வேண்டாம். சூரமங்கலத்துல இருந்து மூணு பஸ் மாறி வந்திருக்கேன். உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை வரல உன் வாயில.

சௌந்தர்யா: அய்யோ, அப்படி இல்லீங்க. அம்மா கோழிப் பண்ணையில இருந்து இன்னும் வரல. ஊடு போட்டது போட்டபடி கெடக்குது...

மதுமதி: நான் வீடு பார்க்க வரல. எவனாவது பரீட்சைய விட்டுட்டு, போர் போடற வண்டியில ராடு தூக்கிட்டு இருப்பானா?

சௌந்தர்யா: அரைப்பரீட்சை லீவுக்குன்னுதாங்க போனான். தனபால் மாமா வண்டி. ஆளு பத்தலன்னு கூப்பிட்டாரு...

மதுமதி: அந்த லீவு பொங்கலத் தாண்டி ஓடிட்டே இருக்கு. உங்க மாமா பொண்ணு கயல்விழி என் கிளாஸ்ல முதல் பெஞ்சுல உக்காந்திருக்கா. அவளுக்கு ரெக்கார்டு நோட்டு. உன் தம்பிக்கு இரும்பு ராடு. நல்ல மாமா!

சௌந்தர்யா: அப்படிப் பேசாதீங்க மிஸ். எங்களப் பெத்த அய்யன் போனதுக்கப்பறம் அவருதான் எங்களுக்கு எல்லாம்.

மதுமதி: எல்லாமா இருக்கறவர் பையனப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்ல? ஹெட்மாஸ்டர் என்ன சொன்னாருன்னு தெரியுமா உனக்கு? "அவனுக்கு டீசியக் குடுத்து அனுப்பிரும்மா, நூறு பர்சன்ட் ரிசல்ட்டு கெட்டுப்போயிரும்"னாரு. எனக்கு நாலு பேரு முன்னால வாயே திறக்க வராது. அவனுக்காக ஸ்டாஃப் ரூம்ல நின்னு கத்தினேன். அப்புறம் அட்டெண்டன்ஸ் பத்தாதுன்னாங்க. அதுக்கும் நான்... சரி, விடு.

சௌந்தர்யா: அதுக்கும் என்னங்க மிஸ்?

மதுமதி: விடுன்னேன்ல.

சௌந்தர்யா: சரிங்க.

மதுமதி: ராசிபுரம் பக்கம் பால் கம்பெனி லேப்ல சொல்லி வச்சிருக்கேன். பால்ல புளிப்பு எவ்வளவுன்னு பார்க்கற வேலை. பிளஸ் டூ பாஸ் பண்ணிட்டா ஜூன் மாசமே சேர்ந்துக்கலாம். அவனக் கூட்டிட்டுப் போயிக் காமிச்சேன். அந்த லேப் சார் அவன் கையவே பார்த்துட்டு நின்னாரு. "இந்த வயசுல இவ்வளவு நிதானமா ஒரு கையா?"ன்னாரு.

சௌந்தர்யா: ...போதுங்க மிஸ்.

மதுமதி: என்ன போதும்? பிராக்டிகலுக்கு வரலன்னா பெயில். பெயிலானா அந்த வேலை இல்ல. அப்புறம் ஆயுசுக்கும் ராடுதான். இது உனக்குப் புரியுதா இல்லையா?

சௌந்தர்யா: புரியுதுங்க. அவந்தான் படிப்பு வேண்டாங்கறான். நான் என்ன பண்ணட்டும்? கட்டியா இழுத்துட்டு வர முடியும்? நானும் பத்தாவதோட மில்லுக்குப் போனவதான். என்னையத் தேடிட்டு ஒரு மிஸ்ஸும் மூணு பஸ் மாறி வரல. ...கோவிச்சுக்காதீங்க. ஏதோ வாயில வந்துருச்சு.

மதுமதி: அது யாரு செருப்பு?

சௌந்தர்யா: எதுங்க?

மதுமதி: அந்த நீலச் செருப்பு. வாரு அந்து போயி கம்பி வச்சுக் கட்டியிருக்கு. ரெண்டு வருசமா லேப் வாசல்ல பார்க்கற செருப்பு அது. ஆந்திராவுக்கு வெறுங்காலோடவா போனான்?

சௌந்தர்யா: அது... பழசுங்க. அவன் புதுசு வாங்கிட்டான்.

மதுமதி: பழசு எதுக்கு வாசப்படிக்கு நேரா, இப்பக் கழட்டின மாதிரி கெடக்குது? தமிழரசு! டேய், தமிழரசு!

சௌந்தர்யா: கத்தாதீங்க மிஸ், பக்கத்து ஊட்ல...

மதுமதி: கேக்கட்டும். உள்ள யாரு இருமறது?

தமிழரசு: ...நாந்தாங்க மிஸ்.

மதுமதி: ஆந்திரா ரொம்பக் கிட்ட வந்துருச்சு போல.

சௌந்தர்யா: உன்னைய இருமச் சொன்னது யாருடா?

தமிழரசு: வந்துருச்சுக்கா...

மதுமதி: அக்காளும் தம்பியும் சேர்ந்து நல்லா நாடகம் போடறீங்க. கதவத் திற, தமிழரசு.

தமிழரசு: வேண்டாங்க மிஸ். நீங்க போங்க. இருட்டினா பஸ் கெடைக்காது.

மதுமதி: எனக்குப் பஸ் சொல்லித் தர வேண்டாம். எதுக்கு வரமாட்டேங்கற?

தமிழரசு: புடிக்கலீங்க.

மதுமதி: என்ன புடிக்கல? கெமிஸ்ட்ரியா, நானா?

தமிழரசு: ...எதுவுமே புடிக்கலீங்க.

மதுமதி: பொய். பிளஸ் ஒன்ல பியூரெட்ட உடைச்சிட்டு ஒளிஞ்சப்பவும் இப்படித்தான் சொன்ன.

தமிழரசு: அதைக் கதிர்வேல் தட்டி விட்டானுங்க மிஸ்!

மதுமதி: இன்னும் அதையே சொல்லு. என்னைய நீங்கெல்லாம் பின்னாடி என்னன்னு கூப்பிடறீங்கன்னும் எனக்குத் தெரியும்.

தமிழரசு: ...என்னன்னுங்க?

மதுமதி: சொட்டு மிஸ்.

தமிழரசு: அது நான் வச்ச பேரு இல்லீங்க.

மதுமதி: நீதான் வச்ச. சொட்டு சொட்டா விடுடா, ஒரு சொட்டு அதிகமானா கலரு முத்திப் போயிரும்னு நான் சொன்னா, கிளாஸ்ல கேட்டது நீ ஒருத்தன்தான். சிரிக்கறயா?

தமிழரசு: இல்லீங்க.

மதுமதி: சிரிக்காத. எனக்கு வர்ற கோபத்துக்கு... சரி, இந்தா. ஜன்னல் வழியா நீட்டறேன், புடி.

தமிழரசு: என்னங்க மிஸ் அது, துண்டுல சுத்தி?

மதுமதி: பிப்பெட்டு. லேப்ல யாருக்கும் தெரியாம எடுத்துட்டு வந்தேன். கண்ணாடி உடைஞ்சிரும்னு மூணு பஸ்லயும் மடியிலயே வச்சிருந்தேன். நாளைக்குப் பூரா தண்ணிய உறிஞ்சிப் பழகு. ஒன்றரை மாசமா கைய மண்ணுல வச்சிருக்க, நிதானம் போயிருக்கும். புடிடா.

தமிழரசு: குடுங்க.

மதுமதி: ...இடது கைலயா வாங்கற? இடது கைய நீட்டறயாடா? எனக்கு? நான் என்ன உனக்குப் பிச்சையா போட வந்திருக்கேன்?

சௌந்தர்யா: மிஸ், அவன் அப்படி இல்லீங்க...

மதுமதி: நீ பேசாத. மில்லு, ரிக்குன்னு போனா குடுக்கறவங்களுக்கு மரியாதை கூட இல்லாமப் போயிருமா? வலது கைய நீட்டு!

தமிழரசு: மிஸ்...

மதுமதி: வலது கை! உறிஞ்சின உடனே ஆட்காட்டி விரல மேல வச்சு மூடணும், கட்டை விரல் கூடாதுன்னு எத்தனை தடவை உன் விரலப் புடிச்சு வச்சுக் காமிச்சிருக்கேன்...

தமிழரசு: அந்த விரல் இல்லீங்க மிஸ்.

மதுமதி: என்ன?

தமிழரசு: அதுவும் இல்லீங்க. பக்கத்து விரலும் இல்லீங்க.

மதுமதி: ...சௌந்தர்யா, கதவத் திற.

சௌந்தர்யா: மிஸ், பார்க்காதீங்க...

மதுமதி: திறன்னு சொல்றேன்ல!

சௌந்தர்யா: திறக்கறனுங்க. வாங்க.

மதுமதி: ...டேய்.

தமிழரசு: இப்ப வலி இல்லீங்க மிஸ். நெசமா. ராத்திரியிலதான் கொஞ்சம்.

மதுமதி: கட்டு நனைஞ்சிருக்கு. யாரு போட்டது இதை?

தமிழரசு: அக்காதாங்க. ஆஸ்பத்திரியில மூணு நாள் வச்சு அனுப்பிட்டாங்க.

மதுமதி: எப்படி ஆச்சு?

தமிழரசு: ராடு மேல ராடு மாட்டும்போதுங்க. நான் கைய எடுக்கறதுக்குள்ள மேல இருந்தவரு எறக்கிட்டாரு.

மதுமதி: ஆஸ்பத்திரியில என்னன்னு சொன்னாங்க?

சௌந்தர்யா: ஊட்டுக் கதவுல நசுங்கிருச்சுன்னு மாமா சொல்லிட்டாருங்க. பதினெட்டு ஆகாத பையன வண்டியில ஏத்துனதுன்னு வெளிய வந்தா வண்டியத் தூக்கிருவாங்கன்னாரு.

மதுமதி: தூக்கட்டும்! அவரையும் சேர்த்துத் தூக்கட்டும்! ரெண்டு விரல வாங்கிட்டு வண்டியப் பத்திக் கவலைப்படறாரா அந்த ஆளு? போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம்?

சௌந்தர்யா: பாருடா, இதுக்குத்தான் நான் கதவத் திறக்க வேண்டாம்னேன்.

மதுமதி: நீயெல்லாம் ஒரு அக்காவா? தம்பிக்கு விரல் போயிருக்கு, ஆந்திராவுல இருக்கறான்னு கூசாமச் சொல்ற!

சௌந்தர்யா: கூசுச்சுங்க மிஸ். கூசாம இருக்குமா? தெனமும் இந்தக் கட்டை அவுத்துக் கட்டறவ நான். கையெழுத்துக் கூட வர மாட்டேங்குதுன்னு சுவத்தப் பார்த்துட்டுப் படுத்துக் கெடந்தவனச் சோறு தின்ன வச்சவ நான். நீங்க வந்து நாலு சத்தம் போட்டுட்டுப் போயிருவீங்க.

மதுமதி: போக மாட்டேன்.

தமிழரசு: சண்டை போடாதீங்க. மிஸ்... நான் திங்கக்கிழமை வாரனுங்க.

மதுமதி: என்ன?

தமிழரசு: இடது கையில பழகிட்டனுங்க. ஜூஸ் குடிக்கற ஸ்ட்ராவுல. டம்ளர்ல தண்ணி வச்சு. மொதல்ல எல்லாம் ஒழுகிப் போச்சுங்க. இப்ப சொட்டு சொட்டா விடறேன்.

மதுமதி: ...காமி.

தமிழரசு: அக்கா, சொம்புல தண்ணி கொண்டா. அந்தப் பிப்பெட்டக் குடுங்க மிஸ். ...இருங்க மிஸ். ...இப்பப் பாருங்க. கோட்டுக்கு நேரா நிக்குதுங்களா?

மதுமதி: ...நிக்குது.

தமிழரசு: எழுதறது மட்டும் மெதுவாத்தான் வருது. ஆனா வருது.

மதுமதி: இவ்வளவையும் பண்ணிட்டு எதுக்குடா புடிக்கலன்ன?

தமிழரசு: கேஸ் குடுக்க மாட்டேன்னு சொல்லுங்க. வாரேன்.

மதுமதி: முடியாது.

தமிழரசு: கதவுல நசுங்கிருச்சுன்னே பரீட்சையிலயும் சொல்லிக்கறேன். யாரும் கேக்க மாட்டாங்க.

மதுமதி: நான் கேப்பேன். திங்கக்கிழமை பிராக்டிகல். அதை முடிச்சுட்டு, உன்னையக் கூட்டிட்டு நேரா ஸ்டேஷன். அடுத்த வாரம் அந்த வண்டியில இன்னொருத்தன் ராடு மாட்டுவான்டா! அவன் விரல் போனா பரவால்லையா?

தமிழரசு: வேண்டாங்க மிஸ்.

மதுமதி: மாமான்னு பாவம் பார்க்கறயா? இல்ல, கயல்விழி மூஞ்சிக்காகவா?

தமிழரசு: அவங்களுக்காக இல்லீங்க.

மதுமதி: அப்ப யாருக்காக?

சௌந்தர்யா: டேய், சொல்லாத.

மதுமதி: சொல்லுடா!

தமிழரசு: இவன் என் வண்டியில ஏறவே இல்லைன்னு சொல்வாராமுங்க மாமா. போலீசு வந்தா, அன்னைக்குப் பையன் எங்க இருந்தான்னு பள்ளிக்கூடத்துலயே கேட்டுக்கங்கன்னு சொல்வாராமுங்க.

மதுமதி: கேக்கட்டுமே! பள்ளிக்கூடத்துல அவருக்கு யாரு சாட்சி சொல்லப் போறாங்க?

தமிழரசு: கயல்விழிகிட்ட எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கறாருங்க.

மதுமதி: என்னத்த விசாரிச்சாரு? ...இரு. அது எந்த நாள்?

தமிழரசு: பொங்கல் லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்த மொத நாளுங்க.

மதுமதி: அன்னைக்கா?

தமிழரசு: அன்னைக்கு நான் கிளாஸ்ல இருந்தனுங்க மிஸ். காலைலயும் மத்தியானமும் நீங்கதான் ரெஜிஸ்டர்ல எனக்குப் பிரசன்ட் போட்டீங்க.