சின்னவர் பேசிய இங்கிலீஷ்

ஃபேனைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா, மேடம்? காகிதமெல்லாம் பறக்கிறது. நன்றி. இனி நிதானமாகச் சொல்கிறேன்.

மூன்று பேரும் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு குரலில் கேட்டீர்கள். கடைசி வருட ப்ராஜெக்டுக்கு நான் தரவு சேகரித்தது எப்படி என்று. வாய்மொழித் தேர்வில் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்திருக்கும் சார் மட்டும் அதைக் கேட்கும்போது கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். நான் எதையும் மறைக்கப் போவதில்லை. மறைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

என் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கில மொழியியலில் பி.ஏ. என்று சொன்னால், "அப்போ ஸ்போக்கன் இங்கிலீஷா?" என்பார்கள். இல்லை, நாக்கு எங்கே தொடுகிறது, காற்று எங்கே அடைபடுகிறது, குழந்தைக்குப் பேச்சு எப்படி வருகிறது என்று படிப்பது என்பேன். "இதுக்கெல்லாமா டிகிரி குடுக்குறாங்க?" என்பார்கள். ஒலியியல் பாடத்துக்காகக் கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது, பல்வலி என்று நினைத்து மாமா கிராம்பு எடுத்துக்கொண்டு வந்தார்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். குளிர்பெட்டி லாரி ஓட்டுகிறார். பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார். அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. அவள்தான் என்னைப் படிக்க வைக்கிறாள். காலையில் நான் கல்லூரியில் இருப்பேன். மதியம் நான் வந்ததும் அவள் ஷிஃப்டுக்குக் கிளம்புவாள். அதன் பிறகு அவள் திரும்பும்வரை சின்னவர் என் பொறுப்பு. சின்னவர் என்பது அவர்கள் பிள்ளை. நடை பழகிய நாளிலிருந்தே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்பார்வைக்கு வந்த அதிகாரி மாதிரி வீட்டைச் சுற்றுவான். அதனால் அந்தப் பெயர்.

அக்காதான் ஆரம்பித்து வைத்தாள். "நீ இங்கிலீஷ்தானே படிக்கிறே? இவன்கிட்ட இங்கிலீஷ்லயே பேசு. நாங்க முழிச்சது போதும்." சரி என்றேன். வழிகாட்டியான மேடத்திடம் வந்து, வீட்டில் ஒரு குழந்தைக்கு இங்கிலீஷ் எப்படி வருகிறது என்று எழுதப் போவதாகச் சொன்னேன். மேடம் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "எல்லாரும் இதையேதான் எழுதுறீங்க. புதுசா ஒண்ணுமே இல்லையா?" என்றீர்கள். நினைவிருக்கிறதா? அந்த வார்த்தையை நான் மனதில் வாங்கிக்கொண்டேன். நல்ல மாணவர்கள் அப்படித்தான்.

சின்னவரிடம் நான் இங்கிலீஷ் பேசவில்லை. நானே ஒரு மொழியைச் செய்தேன்.

நம் பாடத்திட்டத்தில் இருப்பதை மட்டுமே பயன்படுத்தினேன். குழந்தைக்கு எளிதில் வரும் ஒலிகளாகப் பொறுக்கினேன். தண்ணீருக்கு லூமா. வா என்பதற்கு ஸோவி. போதும், சூடு, பூனை, இன்னும் கொஞ்சம் என்று எல்லாவற்றுக்கும் சொல் வைத்தேன். இலக்கணத்தையும் ஒழுங்காகவே வைத்தேன். இங்கிலீஷில் இருக்கிற விதிவிலக்கு ஒன்றுகூடக் கிடையாது. சின்னவர் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொண்டான். என்னைக் கூப்பிடவும் ஒரு சொல் செய்தேன். மீமா. உதடு சேர்ந்து பிரியும் ஒலிதான் குழந்தைக்குச் சுலபமாக வரும் என்று முதல் வருடத்திலேயே சொல்லித்தந்தீர்கள். அது சரிதான், அவன் முதலில் சொன்னது அதைத்தான்.

வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவர்களுக்குத் தெரிந்த இங்கிலீஷ் ரோட்டோரப் பலகையிலும் துணி மூட்டைச் சீட்டிலும் இருப்பது. மாமா ஒருநாள் கதவோரம் நின்று கேட்டுவிட்டு அக்காவிடம் சொன்னார்: "நாம இவ்வளவு நாள் இங்கிலீஷ்னு நெனச்சது இங்கிலீஷே இல்ல போலடி. படிச்சவங்க பேசுறப்போ ஒரு வார்த்தை பிடிபடுதா பாரு." அவர் குரலில் அவ்வளவு பெருமை. அந்தப் பெருமையை நான் எப்படிக் கெடுப்பேன்?

ஒரு சிக்கல் இருந்தது. மதியம் முழுக்க என் மடியில் கிடப்பான். நான் ஊட்டுவேன், துடைப்பேன், தூக்கிக்கொண்டு திரிவேன். கேட் கிரீச்சென்றால் போதும், என்னைத் தள்ளிவிட்டு அக்காவிடம் ஓடுவான். ஓடும்போது திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். எனக்கு அதில் வருத்தம் என்று சொல்லவில்லை. ஒரு தகவலாகச் சொல்கிறேன்.

அக்கா அவனைத் தூக்கிக் கொஞ்சுவாள். தமிழில்தான். தரவு கெடும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் அக்காவிடம் சொன்னேன்: "ரெண்டு பாஷை கலந்தா பிள்ளைக்குக் குழம்பிடும்க்கா. இங்கிலீஷ் நல்லா ஊறுற வரைக்கும் நீங்க அவன்கிட்ட பேசாம இருந்தா நல்லது."

"பேசாமயேவா?"

"சிரிக்கலாம். கையைக் காட்டலாம்."

அக்கா அதை அப்படியே கடைப்பிடித்தாள். காலையெல்லாம் பேசாமல் குளிப்பாட்டினாள், பேசாமல் ஊட்டினாள். அவன் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். தூங்கவைக்கும்போது உதட்டை இறுக்கிக்கொண்டு ஹும் ஹும் என்று முனகுவாள். டி.வி.க்கும் துணி போட்டு மூடினோம். மாமா மட்டும் லாரியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, "டேய் தங்கமே" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு இறங்கி வருவார். இவ்வளவு ஒத்துழைக்கும் குடும்பம் எந்த ஆய்வாளருக்கும் வாய்க்காது.

சார் ஏதோ குறித்துக்கொள்கிறீர்கள். எப்போது தொடங்கினேன் என்பதா? மாமாவுக்கு வேறு ஊர் டிப்போவில் நிரந்தர வேலை கிடைத்தது என்று அக்கா சொன்ன வாரம். சின்னவரைப் பள்ளியில் சேர்க்கும் சமயத்தில் மூவரும் அங்கே போய்விடுவதாகவும், நான் ஹாஸ்டலில் இருந்துகொள்ளலாம் என்றும் சொன்னாள். "நீயும் நிம்மதியாப் படிக்கலாம்" என்றாள். ஆய்வு அந்த வாரம் தொடங்கியது தற்செயல்.

மழலையர் பள்ளியில் எல்லாம் தெரிந்துபோனது. அக்கா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மிஸ் குனிந்து இங்கிலீஷில் அவன் பெயரைக் கேட்டார். சின்னவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நீளமாகப் பதில் சொன்னான். இந்த அறையில் பூனை இருக்கிறதா, தனக்குத் தண்ணீர் வேண்டும், ஜன்னல் ஏன் உயரத்தில் இருக்கிறது. ஒரு பிழைகூட இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது எந்த பாஷைங்க?" என்றார் மிஸ்.

"இங்கிலீஷ்தான் மிஸ்," என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே. "என் தங்கச்சி காலேஜ்ல இதைத்தான் படிக்கிறா."

மிஸ் மெதுவாகத் தலையாட்டி இல்லை என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். அப்போதும் அவள் பேசவில்லை. பழகிப்போயிருந்தது.

ஊர் மாறுவது இப்போதைக்கு நின்றுபோயிருக்கிறது. மாமா மட்டும் போயிருக்கிறார். அக்கா எப்படிப் போவாள்? பிள்ளைக்குத் தாகம் எடுத்தால் அதைப் புரிந்துகொள்ள நான் வேண்டும். நானாக யாரையும் இருக்கச் சொல்லவில்லை, சார். எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா திட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவளோ வீட்டுக்கு வந்ததும் அந்தப் புதுப் புடவையோடே சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். "எனக்குக் கத்துக்குடு," என்றாள். "அவன் பேசுறது எனக்குப் புரியணும்." தினமும் கற்றுத் தருகிறேன். லூமா வந்துவிட்டது. ஸோவி வந்துவிட்டது, ஆனால் நாக்கு கொஞ்சம் தடிமன். அவள் சொல்லும்போது சின்னவர் என்னைத் திரும்பிப் பார்க்கிறான், சரியா என்று கேட்பதுபோல. நான் தலையாட்டினால்தான் போவான்.

நேற்று அவள் கேட்டாள்: "அம்மான்னு அவன் என்னைக் கூப்பிடணும்டி. அதுக்கு என்ன வார்த்தை, சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். பூனைக்கு வைத்திருக்கிறேன். குழாயிலிருந்து சொட்டும் நீருக்கு, ஓரம் கிழிந்த போர்வைக்குக்கூட வைத்திருக்கிறேன். அந்தச் சொல் மட்டும் இல்லை. உள்ளதை உள்ளபடியே சொன்னேன்.

"ஏன்டி வைக்கல?"

அக்காவும் நீங்களும் என்னை ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள் என்று புரியவில்லை. அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். "அதுக்குத் தேவையே வரலைக்கா. எப்பவும் நான்தானே அவன் பக்கத்துல இருந்தேன்?"