அறுபது தப்படி வடக்கே

ஆடு மேய்ந்த நிலத்தில் பழைய ஊரைக் கண்டுபிடிப்பது சுலபம், இன்ஸ்பெக்டர். புல் கட்டையாக இருக்கும். சாய்ந்த வெயிலில் வீடு நின்ற மேடும் தெரு ஓடிய பள்ளமும் தானாகவே தெரியும்.

கெல்த்தோர்ப்பில் இப்போது பதினொரு வீடு. அறுநூறு வருடத்துக்கு முன்னால் நாற்பத்து மூன்று. சுருங்கிப்போன ஊர் முன்பு எதுவரை இருந்தது என்று ஒன்பது வருடம் நாடா பிடித்து அளந்தேன். எல்லைக்கோடு போட்டுப் புத்தகமும் வெளியிட்டேன். முப்பது வருடம் நில அளவையில் இருந்தவன் நான். என் கோடு தப்பியதில்லை.

நிலம் நெவில் பாஸ்குடையது. நல்ல மனிதன். என் கோட்டுக்குள் உழமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

"என்ன சர்வேயரே, உங்க செத்த ஊரு இன்னும் வளருதா? பார்லி போட எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்பான்.

மார்ச்சில், கோட்டுக்கு அறுபது தப்படி வடக்கே, மண்ணில் குத்திப் பார்த்த என் இரும்புக் கம்பி அடியில் மரப்பலகையில் தட்டியது. புல்லைப் பெயர்த்தேன். மக்கிய பலகைகள், அடியில் கல் கட்டிய கிணறு. கிணறு இருந்தால் வீடு இருந்திருக்கும். வீடு இருந்தால் என் கோடு தப்பு.

புல்லைத் திரும்பப் பதித்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை நெவில் வேலிக்கு முளை அடிக்க வந்தான்.

"கோட்டுக்கு அந்தாண்ட பள்ளம் கிள்ளம் இருக்கா?"

"வெறும் மண்ணுதான்."

"நீங்க சொன்னா சரி. காலை ஒடைச்சுக்கிட்டேன்னா என் பொண்டாட்டி உங்களைத்தான் பிடிப்பா, ஆமா."

சிரித்துக்கொண்டே நடந்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பலகை பெரிதாகச் சத்தம் போடவில்லை.

"சர்வேயரே, கால் போச்சு. கயிறு கொண்டாங்க." கிணற்றுக்குள்ளிருந்து நிதானமாகத்தான் கேட்டான்.

கயிறு என் காரில் இருந்தது. ஆனால் அவனை மேலே எடுத்தால் கிணறும் வெளியே வந்துவிடும். ஆட்டுத் தொட்டியின் தகர மூடியை இழுத்து வந்து மூடி, மேலே புல் பரப்பினேன்.

மறுநாள் ஊரே தேடியது. என் வரைபடத்தை வைத்து நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்துக் கொடுத்தது நான்தான். வடக்குச் சதுரத்தை நானே எடுத்துக்கொண்டேன். குரல் அப்போதும் இருந்தது, மெலிந்து. குனிந்தால்தான் கேட்கும்.

அவன் மனைவி மார்ஜரி வேலியோரம் நின்று, "ஏதாச்சும் தெரியுதா?" என்று கத்தினாள்.

"இங்க ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

தினமும் காலையில் போய்ப் பார்த்தேன். வியாழக்கிழமை குரல் இல்லை.

உங்கள் நாய் மோப்பம் பிடித்ததில் எனக்கு வருத்தமில்லை. நெவிலைக் கொன்றது நான்தான். கையெழுத்துப் போடத் தயார்.

ஒரே ஒரு திருத்தம். வாக்குமூலத்தின் இரண்டாம் பக்கத்தில் 'பழைய ஊர்க் கிணறு' என்று எழுதியிருக்கிறீர்கள். 'ஊர்' என்பதை அடித்துவிடுங்கள். ஊர் அவ்வளவு தூரம் வரவில்லை.