என் கழிவைக் குடித்த புல்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எதிரே கூடியிருக்கும் விவசாயத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த அம்மையாரின் கணவரே! உங்கள் முன்னால் நிமிர்ந்து நிற்க எனக்குக் கூசுகிறது.

நம் தண்ணீர்க் குழுவின் செயலாளர், நாமெல்லாம் கேலியாகச் ‘சீசாக்காரம்மா’ என்று கூப்பிட்ட அந்த அம்மையார், ஐந்து நாளைக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். இருபத்து மூன்று கிணறுகள்! மாதம் தவறாமல் ஒவ்வொன்றிலும் சீசாவில் தண்ணீர் மொண்டு, சோதனைத் தாளை நனைத்து, நிறம் பார்த்து எழுதி வைத்தாரே, யாருக்காக? தன் ஒரு கிணற்றுக்காகவா?

போன வருடம் பள்ளிக்கூடக் கிணற்றில், குடிக்கிற பிள்ளைகளுக்கு ஆகாத நைட்ரேட் உப்பு ஏறியது. அம்மையார் மேட்டுப் பக்கமாகக் கிணறு கிணறாகச் சோதித்துக்கொண்டே வந்து, என் வீட்டு வாசலில் நின்றார்.

“அண்ணே, உங்க மாட்டுக் கொட்டகைக் கழிவுதான் இறங்குது. கோவிச்சுக்காதீங்க. கழிவுக் குழியைத் தள்ளி வெட்டி சிமெண்டு பூசிட்டா போதும்.”

கோபித்துக்கொண்டேன். குழுத் தலைவன் அல்லவா நான்! அடுத்த கூட்டத்தில், “தாளை நனைக்கிறவங்க எல்லாம் விஞ்ஞானியா?” என்று கேட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். சோதனையை நிறுத்தத் தீர்மானம் போட்டோம். ஒருவராவது எதிர்த்தோமா? “பிள்ளைங்க குடிக்குதுண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

ஒன்பது மாதம் கழித்து சுகாதார ஆய்வாளர் சோதித்தபோது, பள்ளிக் கிணறு தேறியிருந்தது. “பாத்தீங்களா, என் கொட்டகை அங்கேயேதான் இருக்கு!” என்று டீக்கடையில் மார்தட்டினேன்.

துக்கம் கேட்கப் போன அன்று அவர் கணவர் என்னை வயலுக்கு அழைத்துப் போனார். என் கொட்டகைக்குக் கீழே, பள்ளிக் கிணற்றுக்கு மேலே, அவர்கள் நிலத்தின் மேல் விளிம்பில், முப்பது அடி அகலத்துக்குப் பயிரே இல்லை. ஆழமாக வேர்விடும் புல்லும் மரக்கன்றும் அடர்ந்து நின்றன.

“உங்க கழிவை இதுதான் குடிச்சுக்குது. நல்லா விளையிற இடம், பயிரை விட்டுட்டு அவதான் நட்டா. ‘அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க, சங்கடப்படுவார்’னுட்டா.”

சங்கடமா? அந்த அம்மாவுக்கு என்மேல் இருந்த மரியாதையில் கால்வாசியாவது எனக்கு அவர்மேல் இருந்ததா?

நாளை காலை ஏழு மணிக்கு அந்தக் குழியை மூடுகிறேன். மண்வெட்டியோடு வாருங்கள். திங்கட்கிழமை முதல் எல்லாக் கிணறுகளிலும் சோதனை தொடரும். தலைவர் பதவியை இந்த மேடையிலேயே விட்டுவிட்டு இறங்குகிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் இறங்க முடியாது. அவர் சொன்னது பொய்யென்று நான் நம்பியதாகத்தானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? இல்லை. என் வாசலில் வந்து சொன்னாரே, அப்போதே எனக்குத் தெரியும், அது உண்மை என்று.