கொடி இறக்கிய காலை

ஈரத் துண்டை நாற்காலியில் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. மற்றபடி விருந்தாளிகள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, ஐயா.

எங்கள் தீவு யார் கண்ணிலும் படாமல்தான் இருந்தது. யாரோ ஒரு பெண் இங்கே எடுத்த படம் எங்கெங்கோ பரவியது; அதன்பின் படகுகள் நிரம்பி வழிந்தன. பக்கத்து வீடுகள் விடுதிகளாயின. சாவு வீட்டுக்கு அழைத்தால்கூட, அறையைச் சுத்தம் செய்துவிட்டு வருகிறோம் என்றார்கள். என் தம்பியும் எங்கள் முன்னறைகளை வாடகைக்கு விட்டான்.

"அக்கா, கூட்டம் குறையற வரைக்கும் பின்னாடி ரூம்ல படுத்துக்கயேன்."

"கூட்டம் எப்படா குறையும்?"

"நீ இந்த மூஞ்சியோட வாசல்ல வந்து நில்லு, உடனே குறைஞ்சிடும்."

நானும் சிரித்தேன்.

கடற்கரையில் கொடி ஏற்றுவது என் வேலை. தண்ணீர் ஆளை இழுக்கும் நாளில் சிவப்புக் கொடி. தீவுக்காரர்களுக்கு அது தேவையில்லை. அலையைப் பார்த்தாலே தெரியும். கொடி வந்தவர்களுக்காக.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலில் யாராவது தத்தளித்தால், முதலில் பார்த்தவர் இறங்க வேண்டும். யார், எவர் என்று கேட்கக் கூடாது. அது எப்போதோ செத்துவிட்டது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். சாவு வீட்டுக்கே நேரம் பார்த்து வருகிறவர்களா கடலில் இறங்கப் போகிறார்கள்?

வெளியூர்க்காரர் ஒருவர் கடலோடு போனால் போதும். பயம் பரவும், படகுகள் காலியாக வரும், தம்பி பழைய தம்பியாகிவிடுவான். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அன்று காலை தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தது. ஏற்றியிருந்த கொடியை இறக்கி, மடித்துப் பெட்டியில் வைத்தேன். எங்கள் வீட்டில் தங்கியிருந்த இளம் தம்பதி வந்தார்கள்.

"ஆன்ட்டி, இன்னிக்கு இறங்கலாமா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"கொடி இல்லையேம்மா," என்றேன். அது பொய் இல்லை.

தண்ணீரில் தத்தளித்து அவர்கள் கைகளை உயர்த்தியபோது முதலில் பார்த்தது நான்தான். நகரவில்லை. படகுத்துறையிலிருந்து தம்பி ஓடிவந்தான்; சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அந்தப் பெண்ணைக் கரை சேர்த்தான். திரும்பப் போய், அவள் கணவனையும் அலையோடு கரைப்பக்கம் தள்ளிவிட்டான். அதற்குமேல் தம்பியிடம் தெம்பு இல்லை; அவன் கரைக்கு வரவில்லை.

இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். தம்பி இறங்கிய இடத்தைப் பார்க்க இப்போது முன்னைவிட அதிகம் பேர் வருகிறார்கள். பூ வைக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

செய்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஆனால், அவன் மாறவே இல்லை என்பதை யாராவது ஒருவர் என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம்.