வெள்ளை மாத்திரை இல்லாத கட்டம்

என் பெயரும் முகவரியும் மேலே நான் சொல்ல, உதவி ஆய்வாளர் எழுதிக்கொண்டபடியே சரி. வயது எழுபத்து மூன்று. மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. பேருந்து டிப்போவில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக, அதாவது எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதும் ஆளாக இருந்து ஓய்வு பெற்றேன். டிப்போவில் என்னை ‘நிமிஷம்’ என்று கூப்பிடுவார்கள். தற்போது இந்த மருத்துவமனையின் முதியோர் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுடன் இருக்கிறேன். மருத்துவமனை கொடுத்த தகவலின் பேரில் உதவி ஆய்வாளர் வந்து விசாரிக்க, சுயநினைவோடு சொல்கிறேன். சுயநினைவோடு என்பதை அடிக்கோடிடச் சொன்னேன். போட்டிருக்கிறார்.

நானும் என் ஒரே மகளும் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். மகளுக்கு வயது நாற்பத்தாறு. கல்யாண வாழ்க்கை சரிப்படாமல் என்னிடமே திரும்பி வந்தவள். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறாள். அவளுடைய வார விடுமுறை ஒரு வாரம் திங்கள், ஒரு வாரம் வெள்ளி என்று மாறி மாறி வரும். எனக்கு ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, எலும்புத் தேய்மானத்துக்கு நீளமாக ஒன்று, ஆக மூன்று மாத்திரைகள் இருந்தன. அவற்றை ஏழு நாளுக்கு ஏழு கட்டம் உள்ள டப்பாவில் மகள்தான் வாரா வாரம் நிரப்பி வைப்பாள்.

எனக்கு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வராது. காலையில் டிப்போ வரை நடந்து போய், வண்டிகள் கிளம்புவதைப் பார்த்துவிட்டு வருவேன். முழங்கால் தேய்ந்த ஆள் அப்படிப் போகக் கூடாதுதான். போன வருடம் மூன்று முறை வழியில் விழுந்தேன். மூன்று முறையும் யாரோ மகளுக்குப் போன் செய்ய, அவள் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். மூன்றாவது முறை, இன்னொரு தடவை இப்படிப் போனால் வேலைக்கே வர வேண்டாம் என்று மேலாளர் சொன்னதாகச் சொன்னாள். நான் இனி போகமாட்டேன் என்றேன். நாலாம் நாள் போனேன். இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

அதன் பிறகு எனக்கு உடம்பெல்லாம் அரிப்பு வந்தது. தெருமுனை மருந்துக் கடையில் மாத்திரை கொடுத்து, படுக்கும்போது ஒன்று, ஐந்து நாள் மட்டும், தூக்கம் வரும் என்றார்கள். அதைப் போட்டால் மறுநாள் மதியம் வரை அடித்துப் போட்டாற்போல் கிடப்பேன். ஐந்து நாளில் அரிப்பு நின்றது. அதன் பிறகு டப்பாவில் புதிதாகச் சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று இருந்தது. கேட்டதற்கு மகள், "அதுவும் எலும்புக்குத்தான்பா" என்றாள். பெற்ற பெண் உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பதை யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

அதன் பிறகு எனக்கு வாய் உலர்ந்தது. மலம் இறுகியது. சிறுநீர் வருவதற்கு நின்று நின்று கால் வலித்தது. பகல் முழுக்கத் தூக்கம். எழுந்தால் இது காலையா மாலையா என்று தெரியாது. மகள் என்னை எங்கள் வழக்கமான டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் மலத்துக்கு ஒன்று, சிறுநீருக்கு ஒன்று, தலைசுற்றலுக்கு ஒன்று எழுதினார். எந்தக் கேள்வியையும் என்னிடம் கேட்காமல், "தாத்தா நல்லா சாப்பிடறாரா?" என்று மகளிடம் கேட்டார். அவருக்கு நான் தாத்தா இல்லை. வாய் உலர்ந்திருந்ததால் அதைச் சொல்லவில்லை.

அதன் பிறகு ஒரு புதன்கிழமை ஞாபகசக்திப் பரிசோதனைக்குப் போனோம். மகள் அரை நாள் லீவு போட்டிருந்தாள், மதியம் வேலைக்குப் போக வேண்டும். அன்று காலையும் வெள்ளை மாத்திரை கொடுத்தாள். டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார். வட்டம் போட்டேன். எண்களை எழுதினேன், பன்னிரண்டும் ஒரே பக்கத்தில் குவிந்துவிட்டன. முள்ளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் கடிகாரத்தைப் பார்த்துச் சோறு தின்றவன் நான். அழுதேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவினாள். மறதி நோய் என்று டாக்டர் எழுதி, அதற்கும் ஒரு மாத்திரை கொடுத்தார். பெற்ற மனம் பித்து என்பார்கள், எனக்குச் சான்றிதழோடே கிடைத்தது.

அதன் பிறகு நான் ஒழுங்காகப் பைத்தியமாக இருக்கப் பழகினேன். மாலையில் சதுரங்கம் ஆட வரும் பழைய டிரைவரிடம் இனி வராதே என்று சொல்லிவிட்டேன். அவன் முன்னால் தோற்பது வேறு, காயை மறப்பது வேறு. டிப்போவில் பிரிவுபசாரத்துக்குக் கொடுத்த கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பீரோவில் வைத்தேன். ஒரு நாள் மகளின் பெயரே மறந்து போகுமோ என்று பயம் வந்து, சுவர்க் காலண்டரின் மேல் அட்டையில் அவள் பெயரைப் பெரிதாக எழுதி, கீழே ‘மகள்’ என்றும் எழுதி வைத்தேன். வேலையிலிருந்து வந்து அவள் அதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மறுநாள் காலையும் அந்த மாத்திரையைக் கொடுத்தாள்.

இந்த மாதம் நான்காம் தேதி காலை சிறுநீர் கழிக்க எழுந்தவன், குளியலறை வாசலில் விழுந்தேன். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து இருபத்தைந்து என்று நினைக்கிறேன், சத்தியம் செய்யமாட்டேன். சத்தம் கேட்டு, மாற்றுச் சாவி வைத்திருக்கும் கீழ்வீட்டு எலெக்ட்ரீஷியன் வந்து தூக்கி, இங்கே கொண்டுவந்து சேர்த்தார்.

இங்கே எந்த டப்பாவும் இல்லை. நான்காம் நாள் காலை நான் தெளிவாக எழுந்து, பக்கத்துக் கட்டில்காரரிடம் வார்டுக் கடிகாரம் இரண்டு நிமிஷம் பின்னால் ஓடுகிறது என்று சொன்னேன். இந்த வார்டின் முதியோர் மருத்துவர், ஒரு பெண்மணி, மகளிடம் வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். கொண்டுவந்தாள். மருத்துவர் ஒவ்வொன்றாக எடுத்து, "ஐயா, உங்ககிட்டதான் கேக்கறேன், இதைத் தவிர வேற ஏதாவது சாப்பிடறீங்களா?" என்றார். எலும்புக்குச் சின்ன வெள்ளை மாத்திரை உண்டு என்றேன். "எலும்புக்கு இந்த நீளமானது மட்டும்தானே? வெள்ளை எது?" என்றார். மகள் தரையைப் பார்த்தாள்.

அதன் பிறகு நான் கேட்டதன் பேரில் எலெக்ட்ரீஷியன் எங்கள் வீட்டிலிருந்து டப்பாவையும் என் டைரியையும் கொண்டுவந்தார். மீதி இருந்த நான்கு கட்டங்களில் மூன்றில் வெள்ளை மாத்திரை இருந்தது. வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் இல்லை. அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை இது, வயதானவர்களுக்கு மூளையைக் குழப்பும், வாயை உலர்த்தும், சிறுநீரைக் கட்டும் என்று மருத்துவர் சொன்னார். நான் டைரியை எடுத்தேன். தூங்கிய நேரம், எழுந்த நேரம் எழுதி வைப்பது என் பழக்கம். பெரும்பாலும் கோழி கிண்டிய மாதிரி இருந்தது. ஆனால் வாரத்தில் ஒரு நாள் மட்டும், மதியத்துக்கு மேல், என் பழைய கையெழுத்து. முப்பத்தொரு வாரத்தில் இருபத்தேழு வாரம் அப்படி. ஒரு வாரம் திங்கள், ஒரு வாரம் வெள்ளி. மகள் வீட்டில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்ட நாள்கள் அவை. எந்த நோய்க்கும் வார விடுமுறை கிடையாது. இதை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலை மகளிடம் கேட்டேன். "ஒரு நாளாவது போன் வராம வேலை பாக்கணும்னு நெனச்சேன்பா. நீங்க தெருவுல விழுந்து கிடக்கறதுக்கு, வீட்டுல தூங்கினா போதும்னு தோணிச்சு" என்றாள். அது எனக்குப் புரிந்தது. "கடிகாரம் வரையச் சொன்னப்போ நீ பக்கத்துல இருந்தியேம்மா" என்றேன். "இருந்தேன்பா" என்றாள்.

அவள் மேல் நடவடிக்கை வேண்டுமா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளும்படி சொன்னேன். மாத்திரை கொடுத்ததற்கு எனக்குப் புகார் இல்லை, அவளை அந்த அளவுக்குக் களைக்க வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் எனக்கு மூளை கெட்டுவிட்டது என்று நான் நம்பிக் கதறியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தும், அது பொய் என்று சொல்லாமல் என் முதுகைத் தடவினாளே, அதற்கு எந்தச் சட்டப்பிரிவு என்று தெரியவில்லை. உதவி ஆய்வாளருக்கும் தெரியவில்லை. இங்கிருந்து நான் என் தம்பி வீட்டுக்குப் போகிறேன். மாத்திரையை நானே எடுத்துக்கொள்வேன்.

இன்று காலை மருத்துவர் மறுபடி கடிகாரம் வரையச் சொன்னார். இடது கையால் வரைந்தேன். வட்டம் கோணல். எண்கள் அதனதன் இடத்தில் இருக்கின்றன, முட்கள் பதினொன்று பத்தைக் காட்டுகின்றன. அந்தத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதன் நகல் ஒன்றை என் மகளிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னது, நடந்தது. படித்துக் காட்டக் கேட்டேன், ஒரு இடத்தில் நேரத்தைத் திருத்தச் சொல்லித் திருத்தினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவன், வலது கை மாவுக்கட்டில் இருப்பதால் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன். முடித்த நேரம் மாலை நான்கு நாற்பத்திரண்டு.

(இடது பெருவிரல் ரேகை)